ஒரு மகளுக்குத்தான் அவர் அம்மா

மிரியம் மக்கேபாவைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது வரிக்குள் ‘மாமா ஆஃப்ரிக்கா’ வந்துவிடுகிறது. தமிழ்க் காதுக்கு அது வேறு உறவாகக் கேட்கும். பொருள், ஆப்பிரிக்காவின் அம்மா. 2008 நவம்பரில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளிலும் இதே பெயர்தான். மரியாதைதானே, இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். குறை இருக்கிறது. அந்தப் பெயர் அவரை உயர்த்துவதுபோல் உயர்த்தி, அவர் செய்த வேலையை மறைக்கிறது.

ஒரு சின்ன ஒப்பீடு. அவருடைய முன்னாள் கணவரும் டிரம்பெட் கலைஞருமான ஹியூ மசெகேலாவைத் ‘தென்னாப்பிரிக்க ஜாஸின் தந்தை’ என்கிறார்கள். நைஜீரியாவின் ஃபேலா குட்டி ‘ஆஃப்ரோபீட்டின் தந்தை’. ஆண்களுக்கும் தந்தைப் பட்டம் உண்டு, ஆனால் அவர்கள் தந்தையாவது ஒரு கலைக்கு. அவர்கள் எதையோ உருவாக்கினார்கள் என்று அந்தப் பட்டமே சொல்லிவிடுகிறது. மக்கேபாவோ ஒரு கண்டத்துக்கே அம்மா. அவர் எதை உருவாக்கினார் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. அம்மா எதையும் உருவாக்க வேண்டியதில்லை. அன்பு காட்டினால் போதும்.

அவர் உருவாக்கியதைப் பார்ப்போம். 1932இல் ஜோகன்னஸ்பர்க் அருகே பிறந்தார். பிறந்து 18 நாளில் சிறைக்குப் போனார். கறுப்பர்கள் சாராயம் காய்ச்சுவது அன்று குற்றம். சோளத்திலிருந்து பியர் காய்ச்சி விற்ற தாய்க்கு ஆறு மாதத் தண்டனை, கைக்குழந்தையும் கூடவே உள்ளே. வளர்ந்து வீட்டு வேலைக்குப் போனார். முதல் கணவர் அடித்தார். மார்பகப் புற்றுநோய் வந்தபோது விட்டுவிட்டுப் போனார். கையில் ஒரு பெண் குழந்தை, பெயர் போங்கி. இந்த நிலையிலிருந்துதான் 1950களில் மன்ஹாட்டன் பிரதர்ஸ் குழுவில் ஒரே பெண்ணாகப் பாடினார். பிறகு பெண்கள் மட்டுமே பாடிய ஸ்கைலார்க்ஸ் குழு. கோசா மொழியின் நாச்சொடுக்கு ஒலிகளை மேடையில் அப்படியே, விளக்கமும் மன்னிப்பும் இல்லாமல் பாடினார். அந்தக் கல்யாணப் பாட்டின் பெயரை உச்சரிக்க முடியாத வெள்ளையர்கள் அதற்கு ‘கிளிக் சாங்’ என்று பெயர் வைத்தார்கள். இது பயிற்சி, தேர்வு, பிடிவாதம். தாய்மையால் வருவதல்ல.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஆண்களை வரிசையாக நிறுத்துவார்கள். லயனல் ரொகோசின் தன் படத்தில் சில நிமிடம் காட்டினார், ஹாரி பெலஃபான்டே அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார், ஆக அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று. 1959இல் அந்தப் படம் வெனிஸ் விழாவுக்குப் போனபோது அவர் தன் நாட்டில் ஏற்கெனவே பெயர்பெற்ற பாடகி. ‘கிங் காங்’ இசை நாடகத்தின் நாயகி. ஊரறிந்தவரைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை யாருக்கு இருந்தது?

1960இல் தாய் இறந்தார். இறுதிச் சடங்குக்குத் திரும்பப் போனவருக்கு, கடவுச்சீட்டு ரத்து என்ற செய்தி காத்திருந்தது. கண்டத்தின் அம்மா என்று நாம் கொண்டாடுபவர் தன் சொந்த அம்மாவைப் புதைக்க அனுமதிக்கப்படவில்லை. 1963இல் அவர் ஐ.நா.வின் நிறவெறிக்கு எதிரான குழு முன் நின்று பேசினார். தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்காதீர்கள், அவை கறுப்பினப் பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும்தான் பாயும் என்றார். பிரிட்டோரியா அவருடைய இசைத்தட்டுகளைத் தடை செய்தது, குடியுரிமையைப் பறித்தது. ஒரு தாலாட்டுக்கு எந்த அரசும் இப்படிப் பயப்படாது.

அமெரிக்கா மட்டும் என்ன வாழ்ந்தது? 1966இல் கிராமி விருது கொடுத்தது. 1967இல் ‘பாட்டா பாட்டா’வுக்கு ஆடியது. அவருடைய பாடல்களிலேயே கனம் குறைந்தது அது என்று அவரே வருத்தப்பட்டார். ஆனால் உலகம் அந்த ஒன்றைத்தான் கேட்டது. 1968இல் கறுப்பின விடுதலை இயக்கத் தலைவர் ஸ்டோக்லி கார்மைக்கேலை மணந்தார். உடனே நிகழ்ச்சிகள் ரத்தாயின, எஃப்.பி.ஐ. பின்தொடர்ந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஐ.நா.வில் அவர் சொந்த வாயால் பேசியது யாரையும் பயமுறுத்தவில்லை. கணவனின் அரசியல்தான் பயமுறுத்தியது. ஒரு பெண்ணின் அரசியல் அவள் கழுத்தில் தாலியோடுதான் வந்து சேரும் என்று நினைக்கிற புத்தி வாஷிங்டனுக்கும் இருந்தது.

தம்பதியர் கினிக்குப் போனார்கள். இங்கேதான் ‘அம்மா’ பட்டம் இன்னொரு வேலையும் செய்கிறது. மக்கேபாவுக்கு அடைக்கலம் தந்த அதிபர் செகூ தூரே, காம்ப் புவாரோ சிறையில் ஆயிரக்கணக்கானோரைச் சாகவிட்டவர். அந்த நாட்டின் பிரதிநிதியாகவும் மக்கேபா ஐ.நா.வில் பேசினார். இதை ஏன் செய்தார்? நாடற்றவருக்கு வேறு கதி இல்லையா? சுதந்திர ஆப்பிரிக்கா என்ற கனவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டாரா? கேட்டே ஆக வேண்டிய கேள்விகள். நிறவெறியை எதிர்த்ததற்காக அவரைப் புகழ்கிற நான் இதையும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அம்மாவிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அம்மாவுக்குப் பிழையும் கிடையாது, அரசியலும் கிடையாது. பூசையறையில் வைத்தபின் விவாதம் எதற்கு?

‘அந்தப் பெயரை அவரே விரும்பி ஏற்றாரே’ என்று ஒரு தோழி கேட்டாள். ஏற்றார். மூத்த பெண்ணை ‘அம்மா’ என்பது அந்த மண்ணின் மரியாதை வழக்கம். நாடு பறிக்கப்பட்டவருக்கு ஒரு கண்டமே உறவு சொன்னால் மறுக்கத் தோன்றாது. என் சண்டை அவரோடு இல்லை. அழைப்பு ஒன்று, தீர்ப்பு வேறு. தெருவில் அன்பாகக் கூப்பிட்ட பெயரை ஒரு வாழ்க்கையின் மொத்தத் தலைப்பாக நாம் மாற்றிவிட்டோம்.

உண்மையில் அவர் அம்மாவாக இருந்தது ஒருத்திக்கு. போங்கியும் பாடகி, அம்மாவுக்காகப் பாடல்கள் எழுதியவள். 1985இல் பிரசவச் சிக்கலில் இறந்துபோனாள். ‘மாமா ஆஃப்ரிக்கா’ என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? தாய்மையை இத்தனை கொண்டாடுகிறவர்கள் அந்த மகளை மறந்துவிட்டார்கள். அவர்கள் கொண்டாடியது தாய்மையை அல்ல, தொந்தரவு தராத ஒரு படிமத்தை.

1990இல், மூன்று பத்தாண்டுகளுக்குப் பிறகு, நாடு திரும்பினார். ஆனாலும் ஓயவில்லை. 2008 நவம்பரில் இத்தாலியின் காஸ்டெல் வொல்டுர்னோவில் பாடினார். அந்த ஊரில் இரண்டு மாதம் முன்புதான் கமோரா கும்பல் ஆப்பிரிக்கக் குடியேறிகள் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றிருந்தது. கமோராவை எழுத்தில் அம்பலப்படுத்தி, கொலை மிரட்டலுக்கு ஆளான ரொபெர்டோ சவியானோவுக்கு ஆதரவான நிகழ்ச்சி அது. ‘பாட்டா பாட்டா’ பாடி முடித்தபின் சரிந்தார். வயது 76.

மாணவத் தோழிகளே, அடுத்த முறை அவரைப் பற்றி வகுப்பில் பேச நேர்ந்தால் அந்த இரண்டு சொல்லை விட்டுவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். பாடகி, நாடு கடத்தப்பட்டவர், ஐ.நா.வில் சாட்சி சொன்னவர், கினியின் பிரதிநிதி, போங்கியின் அம்மா என்று சொல்லிப் பாருங்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். ஆகட்டும்.