இடைவெளியும் மேற்கோள் குறியும்

யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அக்கட்டளைகளை வரிசையாக எழுதிச் சேமித்த கோப்பே ஷெல் ஸ்கிரிப்ட். பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் பார்ன் எழுதி, 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ஷெல்லின் மேற்கோள் விதிகளே, 1989இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ் வழியாக இன்றுவரை பெரிதும் மாறாமல் தொடர்வதால், புதிதாகப் பழகுவோர் இடறும் இடமும் மாறவில்லை.

ஷெல் ஒரு வரியை அப்படியே கட்டளையிடம் ஒப்படைப்பதில்லை. டாலர் குறியோடு வரும் மாறியை, அதாவது ஒரு மதிப்புக்கு இடப்பட்ட பெயரை, முதலில் அம்மதிப்பாக மாற்றுகிறது. அதில் இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் வெட்டுகிறது. நட்சத்திரக் குறி இருந்தால் பொருந்தும் கோப்புப் பெயர்களை எல்லாம் அங்கே நிரப்புகிறது. ‘ஆண்டு கணக்கு’ என்ற கோப்பின் பெயரை ஒரு மாறியில் வைத்து, மேற்கோள் இல்லாமல் அழிக்கச் சொன்னால், அழிக்கும் கட்டளைக்குப் போய்ச் சேர்வது ‘ஆண்டு’, ‘கணக்கு’ என்ற இரண்டு பெயர்கள்; ‘கணக்கு’ என்று வேறொரு கோப்பு அங்கே இருந்தால், குற்றமற்ற அது அழிந்துபோக, அழிய வேண்டியது அப்படியே இருக்கும். இது வெறும் கற்பனை அல்ல. 2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐட்யூன்ஸ் 2.0இன் நிறுவல் ஸ்கிரிப்டில் மாறியைச் சுற்றி மேற்கோள் விடுபட்டதால், வட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய கோப்புகள் அழிந்தன. அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டு 2.0.1 வந்தது.

இதைத் தடுக்கும் வழிகள் மூன்று. பின்சாய்வுக்கோடு (\) தனக்கு அடுத்துள்ள ஓர் எழுத்தின் சிறப்புப் பொருளை மட்டும் நீக்கும். ஒற்றை மேற்கோள் தனக்குள் உள்ள அனைத்தையும் வெறும் எழுத்தாக்கிவிடும். இரட்டை மேற்கோளோ வெட்டுவதையும் நிரப்புவதையும் நிறுத்திவிட்டு, டாலர் குறியை மட்டும் வேலை செய்ய விடுவதால் (பின்சாய்வுக்கோடும் பின்சாய்ந்த மேற்கோளும் கூடவே விலக்குப் பெறும்) மாறிகளுக்கு ஏற்றது அதுவே. ஒற்றை மேற்கோளுக்குள் பின்சாய்வுக்கோடும் செல்லாது. ஆகவே ஓ'பிரையன் என்ற பெயரை அதற்குள் எழுத வேண்டுமானால், மேற்கோளை மூடி, வெளியே பின்சாய்வுக்கோட்டோடு குறியை இட்டு, மீண்டும் திறக்க வேண்டும்: 'ஓ'\''பிரையன்'. பார்வைக்கு அழகில்லை என்றாலும் பிழையில்லாத வழி இது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்போர் எழுத்துகளைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்கிறது. அவற்றில் எதுவும் ஷெல்லின் சிறப்புக் குறிகளோடு மோதாது. ஆபத்து இடைவெளியிலும், ஆவண மென்பொருள்கள் தாமாகவே மாற்றிவைக்கும் வளைந்த மேற்கோள்களிலும்தான் உள்ளது. நேரான இரட்டை மேற்கோளின் குறியீட்டு எண் 34, வளைந்ததன் எண் 8220. பின்னதை ஷெல் மேற்கோளாகவே மதிப்பதில்லை.

மாறி வருமிடமெல்லாம் இரட்டை மேற்கோள் இடுவதே வழக்கமாக வேண்டும். இடாமல் விடுவதற்குத்தான் காரணம் தேவை. ஷெல்செக் என்னும் இலவசக் கருவி, மேற்கோள் விடுபட்ட மாறியை 2086 என்ற எண்ணுள்ள எச்சரிக்கையோடு சுட்டிக்காட்டும். ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன் ஒருமுறை அதில் சோதித்துவிடுங்கள்.