நின்ற இடத்தில் எரியும் சம்பளம்!

மாலை 6 மணி. சென்னை அண்ணா சாலை. சிகப்பு விளக்கு விழுகிறது. இன்னும் 90 விநாடி என்று காட்டுகிறது மின்பலகை. மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. வண்டிதான் நிற்கிறதே தவிர, என்ஜின் நிற்பதில்லை! அத்தனை புகைக்கும் நடுவே, மூக்கைத் துணியால் மூடியபடி நிற்கிறார் போக்குவரத்துக் காவலர்.

"கொஞ்சம் ஆஃப் பண்ணக்கூடாதா?" என்று கேட்டால், "அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆவாது சார்" என்கிறார் ஆட்டோக்காரர். "ஏ.சி. நின்னுடுமே" என்கிறார் கார்க்காரர்.

சின்ன கார்கூட நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டருக்குக் குறையாமல் குடித்துவிடும். தினம் 20 நிமிடம் சிக்னலில் போனால், 25 வேலை நாளில் 4 லிட்டர் காலி! சென்னையில் 2021-லேயே பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கே 400 ரூபாய். ஒரு அடிகூட நகராமல் போன பணம் இது! 4 லிட்டர் எரிந்தால் 9 கிலோ கரியமில வாயு வேறு.

மெக்கானிக்கிடம் போங்கள்!

அணைத்தால் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு நோய் இருக்கிறது என்று அர்த்தம். பேட்டரியோ பிளக்கோ கோளாறு. கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பெட்ரோல் சரியாக எரியவில்லை. நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. டயரில் காற்று குறைந்தால் வண்டி இழுக்கும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். பங்கில் காற்று இலவசம்தான். அதற்கும் இறங்க மனசு வருவதில்லை! கிளச்சில் கால் வைத்தபடியே ஓட்டுவதும், சிக்னல் தெரிந்தும் பறந்துபோய்ச் சடக்கென்று பிரேக் போடுவதும் காசைக் கரைக்கிற வேலைதான். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போனால் மைலேஜ் கூடும்.

சான்றிதழ் எதற்கு?

புகைச் சான்றிதழ் இல்லாவிட்டால் 2019 சட்டத் திருத்தப்படி 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்துக்குப் பயந்து காகிதம் மட்டும் வாங்கி வைத்தால் போதுமா? வண்டியைப் பார்க்காமலே சான்றிதழ் நீட்டுகிறவர்கள் இருந்தால், அதிகாரிகள் அவர்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

வண்டிக்காரர் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார். காவலரும் நடைபாதைக் கடைக்காரரும் நாள் முழுக்க அங்கேதான். அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதென்றால் சாவியைத் திருப்புங்கள். உங்கள் பர்சும் தப்பும், அவர்கள் நெஞ்சும் தப்பும்!