அயல்நாட்டு ஆலை விலைகளும் நம் குடியானவர் கணக்கும்

சில வருஷங்களாகப் பத்திரிகைகளில் ஒரு வகைச் செய்தி அடிக்கடி வெளிவருகின்றது. இன்ன நாட்டில் ஆலைச் சரக்குகளின் விலை சென்ற வருஷத்தைவிட நூற்றுக்கு இத்தனை வீதம் உயர்ந்தது, அதன் அண்டை நாட்டிலோ இத்தனை வீதமே உயர்ந்தது என்று இரண்டு எண்களை அருகருகே அச்சிட்டு, முன்னது நிர்வாகம் கெட்ட நாடென்றும் பின்னது திறமை மிக்க நாடென்றும் முடிவு கட்டி விடுகின்றனர். கிராமச் சாவடியிலும் கூட்டுறவுச் சங்க வாசலிலும் இதே வாதம் நடைபெறுவதுண்டு. இது வர்த்தகர்களுக்குரிய விஷயமென்று நிலமுடையோர் தள்ளி விடலாகாது. உரம், பம்பு, குழாய், சாக்கு, சிமெண்டு, இரும்பு யாவும் ஆலைச் சரக்குகளே. அவற்றின் விலை ஏறினால் சாகுபடிச் செலவு ஏறுவது திண்ணம். ஆயினும் அவ்விரண்டு எண்களை மட்டும் கொண்டு வழங்கப்படும் தீர்ப்பு பெரும்பாலும் பிழையான தீர்ப்பேயாகும்.

உற்பத்தியாளர் விலையாவது, ஆலை வாசலில் சரக்குக் கைமாறும்போது ஆலைக்காரர் பெறும் தொகை. வரியும், வண்டிக் கூலியும், கடைக்காரர் லாபமும் அதில் சேரா. பல நூறு சரக்குகளின் விலையை மாதந்தோறும் திரட்டி, ஒவ்வொன்றும் அந்நாட்டு உற்பத்தியில் எவ்வளவு பங்கு பெறுகின்றதோ அவ்வளவு எடை கொடுத்து, ஓர் ஆதார வருஷத்து விலையை 100 என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவதே குறியெண். ஒரு குடும்பத்தில் ஆட்கூலி இரட்டித்தாலும் உப்பு விலை இரட்டித்தாலும் இரண்டும் இரட்டிப்பே. ஆனால் குடும்பச் செலவை அவை பாதிக்கும் அளவு வேறு. நாடுகளுக்கும் அப்படியே. எந்தச் சரக்குக்கு எவ்வளவு எடை என்று கேளாமல் எண்ணைப் படிப்பவர் பாதியே படித்தவராவார்.

இதற்கு ஜெர்மனியையும் அதனை அடுத்துள்ள ஸ்விட்ஸர்லாந்தையும்விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியின் ஆலை விலைகள் முந்திய ஆகஸ்டைவிட நூற்றுக்கு 45.8 வீதம் உயர்ந்தன. 1949-ஆம் வருஷம் முதல் அந்நாடு அத்தகைய ஏற்றத்தைக் கண்டதில்லை. எல்லைக்கு அப்பால் ஸ்விட்ஸர்லாந்தில் அதே மாதத்து ஏற்றம் நூற்றுக்கு 6 வீதத்துக்கும் குறைவு. இரண்டு நாடுகளிலும் ஆலைத் தொழில் வளம் மிக்கது. ஒன்றின் சரக்கை மற்றொன்று நாள்தோறும் வாங்குகின்றது. அவ்வாறிருக்க இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது?

ஜெர்மானியக் குறியெண்ணில் மின்சாரமும் எரிவாயுவும் சேர்ந்துள்ளன. அந்த எரிபொருள் வகை மட்டும் 139 வீதம் உயர்ந்திருந்தது. அதனை நீக்கிப் பார்த்தால் ஏனைய சரக்குகளின் ஏற்றம் 14 வீதந்தான். ஜெர்மனி வெளிநாட்டிலிருந்து வாங்கிய எரிவாயுவில் பாதிக்கு மேற்பட்டது ருஷ்யாவிலிருந்து குழாய் வழியாக வந்து கொண்டிருந்தது; 2022-ஆம் வருஷம் பிப்ரவரியில் உக்ரேன் யுத்தம் மூண்டபின் அவ்வரவு சுருங்கி நின்று போயிற்று. ஸ்விட்ஸர்லாந்திலோ மின்சாரத்தில் பாதிக்கு மேல் நீர்மின் நிலையங்களிலிருந்து கிடைக்கின்றது. வீடுகளுக்கும் சிறு தொழில்களுக்குமுரிய மின்கட்டணம் வருஷத்துக்கு ஒரு முறைதான் நிர்ணயிக்கப்படுகின்றது. மேலும் அந்நாட்டு நாணயமாகிய பிராங்கு அவ்வருஷத்தில் மதிப்பேறி, ஓர் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே இறங்கிற்று. ஆகவே அயல்நாட்டு மூலப்பொருள் அவர்களுக்கு அவ்வளவு உறைக்கவில்லை. இவை போதாவென்று, ஸ்விட்ஸர்லாந்து வெளியிடும் அந்த எண்ணில் உள்நாட்டு ஆலை விலையும் இறக்குமதி விலையும் ஒருங்கே சேர்ந்திருக்கின்றன. ஒன்றை மரக்காலாலும் மற்றொன்றைப் படியாலும் அளந்துவிட்டு, எது குறைவு என்று கேட்பது போன்றதாயிற்று இந்த ஒப்பீடு.

அடுத்த வருஷத்துச் செய்தி இன்னும் வேடிக்கையானது. 2023-ஆம் வருஷம் ஆகஸ்டில் ஜெர்மனியின் ஆலை விலைகள் 12.6 வீதம் வீழ்ந்தன. 1949 முதல் இவ்வளவு பெரிய வீழ்ச்சியும் இருந்ததில்லை. இதைப் படித்தவர்கள் விலை பழைய நிலைக்குத் திரும்பிற்றென்று மகிழ்ந்திருக்கலாம். 100 ரூபாய்ச் சரக்கு முதலில் 145 ரூபாய் 80 காசாகி, பின் அதில் நூற்றுக்கு 12.6 குறைந்தால், மிச்சம் 127 ரூபாய்க்கு மேல் நிற்கின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னிருந்ததைவிட 27 ரூபாய் அதிகம். வீழ்ச்சி என்ற சொல் மெய்யே. மலிவு என்பது மெய்யன்று.

இவ்வளவு தூரத்து விவகாரம் நம் வயலுக்கு எவ்வாறு வருகின்றது என்றால், எரிவாயு வழியாகவே வருகின்றது. எரிவாயுவிலிருந்து அம்மோனியாவும், அம்மோனியாவிலிருந்து யூரியாவும் செய்யப்படுகின்றன. ஐரோப்பாவில் எரிவாயு விலை உச்சத்திலிருந்த 2022 ஆகஸ்டில், நார்வே தேசத்து யாரா உரக் கம்பெனி தன் ஐரோப்பிய அம்மோனியா ஆலைகளை அவற்றின் சக்தியில் நூற்றுக்கு 35 பங்கு அளவில் மட்டும் ஓட்டுவதாக அறிவித்தது. அங்கே அடுப்பு அணைந்தால் உலகச் சந்தையில் உரம் குறைகின்றது. உரத்தை இறக்குமதி செய்யும் இந்தியாவும் இலங்கையும் அதே சந்தையில்தான் போட்டியிட்டு வாங்க வேண்டும்.

இந்தியாவில் நெடுங்காலமாக இத்தகைய ஒப்பீட்டுக்கு ஆதாரமாயிருந்து வருவது மொத்த வியாபார விலைவாசிக் குறியெண். இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முந்திய, 1939 ஆகஸ்டு 19-இல் முடிந்த வாரத்தை ஆதாரமாகக் கொண்டு, 1942 ஜனவரி முதல் அது வெளியிடப்பட்டது. 2011-12-ஐ ஆதாரமாகக் கொண்ட வரிசையில் ஆலைச் சரக்குகளுக்கு 64.23, நெல், காய்கறி, பால், கனிப்பொருள் முதலிய முதற்பொருள்களுக்கு 22.62, எரிபொருள் மின்சாரத்துக்கு 13.15 என்று எடை வகுக்கப்பட்டது. குடியானவர் விற்கும் நெல்லும் அவர் வாங்கும் குழாயும் ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன என்பதைக் கவனிக்க. அயல்நாட்டின் தனி ஆலை விலையோடு இதனை நேருக்கு நேர் நிறுத்துவது முறையன்று. வருஷ சராசரி 2020-21-இல் 123.4, 2021-22-இல் 139.4, 2022-23-இல் 152.5, 2023-24-இல் 151.4. முதல் ஏற்றம் அவ்வளவு பெரிதாகத் தோன்றியதற்கு ஒரு காரணம், 2020-ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் ஊரடங்கினால் விலைகள் விழுந்து கிடந்தமை. பள்ளத்திலிருந்து அளந்தால் மேடு உயரமாகத்தான் தெரியும். கடைசி வருஷம் விலை குறைந்ததென்ற செய்தி வெளியானபோது, கடையில் குழாயும் மோட்டாரும் மலியவில்லையே என்று குடியானவர்கள் முணுமுணுத்தது நியாயமே. குறைந்தது 1.1 புள்ளி, அதற்கு முன் ஏறியது 29.1 புள்ளி.

இலங்கையின் தொகை மதிப்பு புள்ளிவிவரத் திணைக்களம் உற்பத்தியாளர் விலைக் குறியெண்ணையே வெளியிடுகின்றது. அதில் விவசாயம், ஆலைத் தொழில், மின்சாரமும் நீர் வழங்கலும் எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இவ்வகையில் அது தெளிவானது. ஆனால் 2022-ஆம் வருஷத்து இலங்கை விலைகளைப் படிப்போர் நாணயத்தை முதலில் பார்க்க வேண்டும். மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாயிருந்தது, மே மாதத்தில் 360-ஐ எட்டிற்று. டாலர் விலையில் ஒரு காசும் ஏறாத சரக்குக்கூட அந்நாட்டு ரூபாயில் நூற்றுக்கு 80 வீதம் ஏறியிருக்கும். இந்திய ரூபாயும் அவ்வருஷம் இறங்கியதுதான். ஆனால் இறக்கம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

அதற்கும் முன்பே, 2021 மே மாதத்தில், அந்நாட்டுச் சர்க்கார் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடை நீங்கிற்று. எனினும் அந்தப் பெரும்போக நெல் விளைவு பெரிதும் குன்றியது. கடையில் இல்லாத மூட்டைக்கு விலை என்ன? குறியெண் இதற்கு விடை சொல்வதில்லை. விலை ஏறுவதினும் கொடிய கஷ்டம் சரக்கே கிடையாமை. அது எந்த வீதக் கணக்கிலும் அகப்படாது.

ஆகவே குடியானவருக்குப் பயன்படும் அளவுகோல் வேறு. ஒரு மூட்டை உரம் வாங்க எத்தனை கிலோ நெல் விற்க வேண்டும் என்பதே அது. 2022-23-இல் இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டை ஏறக்குறைய 266 ரூபாய் 50 காசு. சாதாரண நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,040 ரூபாய். ஆக மூட்டைக்கு 13 கிலோ நெல். அதே 2022-இன் நடுவில் இலங்கையில், இந்தியா அளித்த 5 கோடி 50 லட்சம் டாலர் கடனைக் கொண்டு தருவிக்கப்பட்ட யூரியா 50 கிலோ மூட்டை 10,000 ரூபாய்க்கு நெல் விவசாயிகளுக்கு விற்கப்பட்டது. நாட்டு நெல்லின் உத்தரவாத விலை கிலோ 120 ரூபாய். 45 கிலோவுக்குக் கணக்கிட்டால் 75 கிலோ நெல்லாகின்றது. நாணய மாற்றோ, ஆதார வருஷமோ, எடைப் பட்டியலோ இந்தக் கணக்கில் குறுக்கிடவில்லை. தஞ்சாவூரிலுள்ளவரும் கிளிநொச்சியிலுள்ளவரும் வாதமின்றி ஒப்புக்கொள்ளக் கூடியது இது.

இதனால் இந்தியக் குடியானவர் யோகக்காரர் என்று கொள்ளலாமா? யூரியாவைப் பொறுத்தவரை மூட்டை விலையை 2018 முதல் சர்க்கார் அசையாமல் பிடித்து, உலக விலையின் பளுவைப் பொக்கிஷத்தில் ஏற்றுக் கொண்டது. டி.ஏ.பி. உரத்திற்கு 2021 மே மாதத்தில் மூட்டைக்கு 500 ரூபாயாயிருந்த மானியத்தை 1,200 ஆக்கிய பிறகும், 2022-இல் மூட்டை 1,350 ரூபாயாயிற்று. அதாவது 66 கிலோ நெல். ஒன்றுக்குப் பதின்மூன்று கிலோ, மற்றொன்றுக்கு அறுபத்தாறு கிலோ என்றால் கை எதை நாடும் என்று சொல்ல வேண்டுவதில்லை. தழைச்சத்தை அள்ளி இறைத்து, மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் சுருக்கி விடுகின்றனர். பயிர் கருகருவென்று நின்று கண்ணுக்கு இனிமை தரும். பிறகு புகையானும் குலைநோயும் தாக்கி, கதிர் முற்று முன்னே சாய்ந்து விடும். யூரியாவின் மலிவு அறுவடையில் வேறு பெயரால் வசூலாகி விடுகின்றது. மானியத்தை நிறுத்த வேண்டுமென்பதன்று கருத்து. ஒரு சத்தை மட்டும் மலிவாக்கி மற்றவற்றைச் சந்தையின் போக்கில் விடுவது மண்ணுக்குத் தீங்கு என்பதே.

கூட்டுறவுச் சங்கங்களின் விளம்பரப் பலகையில் உர இருப்பும் விலையும் எழுதப்படுகின்றன. கொள்முதல் நிலையத்தில் நெல் விலை எழுதப்படுகின்றது. இரண்டையும் சேர்த்து எழுதுவார் இல்லை. கிராம நிர்வாக அலுவலர்களும் சங்கக் காரியதரிசிகளும் குறுவை, சம்பா, நவரை ஆகிய ஒவ்வொரு பட்டத்தின் தொடக்கத்திலும் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ், இருபதடிப் பி.வி.சி. குழாய், சிமெண்டு மூட்டை ஆகியவற்றின் விலையைக் கிலோ நெல்லாக மாற்றி ஒரே பலகையில் எழுதி வைப்பார்களாயின், மூன்று வருஷத்தில் அவ்வூருக்கென்று ஒரு குறியெண் தானே உண்டாகி விடும். வருஷத்துக்கு வருஷம் ஒரே பட்டத்தை ஒப்பிட வேண்டும். அறுவடைக் காலத்து நெல் விலையையும் பஞ்ச மாதத்து விலையையும் கலக்கலாகாது. குழாயின் கனமும் கம்பெனியும் மாறாதிருக்க வேண்டும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போடுவோர் அந்த விலையை எழுதலாம். வியாபாரியிடம் விற்போர் ஈரக் கழிவும், எடைக் கழிவும், தரகும் போகக் கைக்கு வந்த தொகையையே எழுத வேண்டும், சீட்டிலுள்ள விலையை அன்று.