சந்திக்கு வரவேண்டிய கணக்கு

சென்ற தவணையில் ஒரு சனிக்கிழமை, ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்கு எமது பழைய அளவைகளைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். நான்கு சுண்டு ஒரு கொத்து என்று பலகையில் எழுதியபோது, முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், ஒரு கொத்து அரிசி எத்தனை டொலர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் பதில் சொல்லாமல், ஒரு கிலோ அரிசி எத்தனை டொலர் என்று வகுப்பைத் திருப்பிக் கேட்டேன். ஒருவருக்கேனும் தெரியவில்லை. உருளைக்கிழங்குச் சீவல் பொதியின் விலையோ எல்லோருக்கும் சதம் தவறாமல் தெரிந்திருந்தது.

அன்று அவர்களுக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். அந்த வாரம் வீட்டில் உணவுப் பொருட்கள் வாங்கிய பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து, பொருட்களின் பெயர்களைத் தமிழில் எழுதி, மரக்கறி, தானியம், பால், பண்டம் எனப் பிரித்துக் கூட்டவேண்டும். தமிழும் கணக்கும் ஒன்றாய்ப் படிந்துவிடும் என்ற ஆசிரியப் பேராசை.

மறுவாரம் வகுப்புக்கு முன்னரே ஒரு தாயார் என்னை வாசலில் மறித்தார். "மாஸ்டர், வீட்டுச் சாப்பாட்டுக் கணக்கைச் சந்திக்குக் கொண்டு வரலாமோ?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்று வகுப்பில், ஒரு மாணவனுடைய சீட்டு ஒரு முழ நீளம் மேசையில் கிடக்க, பக்கத்தில் இருந்தவன் தன்னுடையதை நான்காய் மடித்துக் கைக்குள்ளேயே வைத்திருந்தான். வகுப்பு முடிந்தபின் என்னிடம் தனியே தந்தான். பாண், பால், முட்டை, வெங்காயம், இரண்டு கிலோ அரிசி. அவ்வளவே. அந்தத் தாயார் சொன்னதிற் பாதி உண்மை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். பற்றுச்சீட்டு கொண்டுவரும் வேலையை அன்றோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் நான் பட்ட கடன் இக்கட்டுரை.

ஆயினும் மற்றப் பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு ஊருக்கு வரவேண்டியதில்லை. வீட்டுக்குள் வரத்தான் வேண்டும். எம்மில் அநேக வீடுகளில் உணவுச் செலவு தாய் ஒருவரின் தலைக்குள் மாத்திரம் இருக்கிறது. எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது, வெள்ளி விரதத்துக்கு என்ன, ஞாயிறு விருந்தினருக்கு என்ன என்ற அத்தனையையும் வேலைக்குப் போகும் புகையிரதத்தில் இருந்தபடி அவர் தனியே சுமக்கிறார். தந்தைக்கு மாத முடிவில் வங்கி மீதி தெரியும்; பிள்ளைக்கு அதுவும் தெரியாது.

"சாப்பாட்டிற் கணக்குப் பார்க்கக் கூடாது" என்பார்கள். விருந்தினரின் இலையிற் பார்க்கக் கூடாது என்பதே அதன் பொருள். அடுப்படியில் எமது முன்னோர் கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தனர். சோற்றுக்கு அரிசி அளக்கும்போதே ஒரு பிடி எடுத்து வேறு பானையில் இட்டுக் கோவிலுக்கும் பொதுக் காரியங்களுக்கும் பிடியரிசி கொடுத்தது கணக்குத் தெரிந்த கைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து 1979 வரை இலங்கையில் கூப்பன் புத்தகமும் சங்கக்கடையும் இருந்தன. அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள். ஒரு கொத்து அரிசியின் விலை நாட்டுக்கே தெரிந்திருந்தபடியாற்றான், 1953இல் கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்ந்தபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. அவ்வருடமே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்த எம் போன்றோருக்கு, ஜாம் போத்தல் விளக்கில் எத்தனை கரண்டி மண்ணெண்ணெய் விடலாம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதை எவரும் மானக்கேடாக நினைத்ததில்லை.

இந்நாட்டில் நான் கணக்கெழுதப் பழகியது, கிரவீனுக்கு அண்மையில் ஆறு ஆண்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டில். 2012 ஓகஸ்ட் 13 முதல் படகில் வந்தோருக்கு இணைப்பு விசா கிடைத்தும் நெடுங்காலம் வேலை செய்யும் உரிமை கிடைக்கவில்லை. கிடைத்த சொற்ப உதவிப் பணத்தில் வாடகை போக மிஞ்சியதே உணவுக்கு. குளிர்சாதனப் பெட்டியின் கைபிடியில் ஒரு கொப்பியை நூலிற் கட்டித் தொங்கவிட்டோம். இருப்பு, வாங்கியது, விலை, சமைத்தவர் என நான்கு நிரல்கள். சில வாரங்களின் பின், எங்களுள் மூத்தவரான முன்னாள் சங்கக்கடை முகாமையாளர் ஐந்தாவது நிரலொன்றைக் கீறினார். அதன் தலைப்பு "எறிந்தது".

மற்ற நான்கு நிரல்களும் கற்றுத்தராததை அந்த ஒரு நிரல் கற்றுத்தந்தது. மலிவென்று ஒருவர் ஃபிளெமிங்ரன் சந்தையிற் பெட்டியோடு வாங்கிய தக்காளியில் பாதி அங்கே இருந்தது. அரைக் கோவா, கொத்தமல்லிக் கட்டு, ஒருவரும் தொடாத பருப்புக்கறி எல்லாம் அங்கே இருந்தன. வறியவர் எறியமாட்டார் என்று நினைப்பது தவறு. திட்டமின்றி வாங்கினால் வறியவரும் எறிவர். அவுஸ்திரேலியாவிற் பண்ணையிலிருந்து வீட்டுக் குப்பைத் தொட்டி வரை ஆண்டுதோறும் வீணாகும் உணவு 76 இலட்சம் தொன் எனக் கணக்கிட்டுள்ளனர். தலைக்கு ஏறத்தாழ 312 கிலோ. எங்கள் கொத்தமல்லிக் கட்டும் அதனுள் அடங்கும்.

அந்த நிரலிலிருந்தே வாரத் திட்டம் பிறந்தது. முதலிற் பெட்டியைத் திறந்து இருப்பைப் பார்ப்பது, பின்பு சமையலைத் தீர்மானிப்பது, அதன் பின்னரே கடைக்குப் போவது. நாம் வழமையாகச் செய்வது இதற்கு நேரெதிர். சனியன்று சந்தைக்குப் போனால் கீரையும் கத்தரிக்காயும் முதல் மூன்று நாட்களுக்கு. கோவா, பூசணி, கிழங்கு பின்னுக்கு. ஞாயிறு இறைச்சி. திங்கள் அதன் மிச்சக் குழம்போடு புட்டு. வியாழனளவில் மரக்கறி தீர்ந்துவிடும். அன்றைக்குச் சொதியும் சம்பலும் இடியப்பமும், அல்லது ரின் மீன். வெள்ளி மரக்கறி நாளாக இருப்பது சமயத்துக்கு மட்டுமன்றிப் பணப்பைக்கும் நல்லது. பருப்பைப் போலக் குறைந்த செலவில் வயிறு நிறைப்பது வேறில்லை.

மாணவர்களுக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இந்நாட்டின் பெரிய பேரங்காடிகள், விலைச்சீட்டில் 100 கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் சிறிய எழுத்திற் காட்டவேண்டுமெனச் சட்டம் உண்டு. அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கப் பிள்ளைகளின் கண்ணே தகுந்தது. 500 கிராம் பொதி 2 டொலர் 60 சதம், ஒரு கிலோப் பொதி 6 டொலர் என்றால் எது மலிவு? பெரிய பொதி எப்போதும் மலிவென்று நம்பும் அப்பாமார் ஏமாறும் இடம் இதுவே. பொருள் சேவை வரியும் நல்ல பாடம். 2000ஆம் ஆண்டில் வந்த அந்தப் பத்து வீத வரி அரிசி, மா, பால், பாண், மரக்கறி, மீன் ஆகியவற்றுக்கு இல்லை. பிஸ்கற், இனிப்பு, ஐஸ்கிறீம், சீவல், மென்பானம் ஆகியவற்றுக்கு உண்டு. பச்சைக் கச்சானுக்கு வரியில்லை. அதையே உப்பிட்டு வறுத்து விற்றால் வரியுண்டு. வரியுள்ள பொருட்களுக்குப் பற்றுச்சீட்டில் ஒரு குறி இட்டிருப்பார்கள். அந்தக் குறிகளை எண்ணிப் பார்க்கும் பிள்ளைக்கு யாரும் அறிவுரை சொல்லத் தேவையில்லை.

விலையை எழுதிவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நுகர்வோர் ஆணைக்குழு 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்நாட்டின் பேரங்காடி விற்பனையில் 67 வீதம் வூல்வேர்த்ஸ், கோல்ஸ் ஆகிய இரு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. விலையைச் சிறிதுகாலம் உயர்த்திவிட்டுப் பின்பு விலை குறைப்பென அறிவித்ததாகக் குற்றஞ்சாட்டி, அதே ஆணைக்குழு 2024 செப்டெம்பரில் அவ்விரு நிறுவனங்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தது. வழக்கின் நியாயம் நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால் மூன்று மாதத்துக்கு முந்திய விலை எமது கொப்பியில் இருந்தால், மஞ்சட் சீட்டு மெய் சொல்கிறதா பொய் சொல்கிறதா என்று அறிய எமக்கு ஆணைக்குழு வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி இரவில் அரை மணி நேரம் பிள்ளைகளோடு மேசையில் இருங்கள். இவ்வாரம் உணவுக்கு இவ்வளவு பணம் என்று சொல்லுங்கள். குறைவாக இருந்தாற் குறைவென்றே சொல்லுங்கள்; பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள். காரணம் தெரியாமல் மறுக்கப்படுவதே அவர்களுக்குத் தாங்க முடியாதது. எழுதும் வேலையைப் பிள்ளைக்கும், வாங்கிவரும் வேலையை முறைபோட்டுத் தந்தைக்கும் கொடுங்கள். எழுதுவது தமிழிலாக இருக்கட்டும். தமிழில் எழுதப் பிள்ளைக்குக் காரணமில்லை என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் கவலைப்படுகிறோம். வாரம் இருபது சொல் எழுத இங்கே ஒரு காரணம் இருக்கிறது.

எமது வகுப்பில் இப்போது கற்பனைக் குடும்பம் ஒன்றுக்குக் கணக்கெழுதுகிறோம். நால்வர், ஒரு பாட்டி, வாரத்துக்கு இருநூறு டொலர். விலைகளை மாணவர்கள் கடைகளின் விளம்பரத் தாள்களிலிருந்து எடுக்கிறார்கள். பாட்டிக்கு நீரிழிவு என்பதை அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். சீட்டை நான்காய் மடித்து வைத்திருந்த மாணவனே இப்போது அக்குடும்பத்தின் கணக்காளன். விலை விடயத்தில் வகுப்பில் அவனை ஏமாற்ற எவராலும் முடியாது. ஐந்தாவது நிரலில் சென்ற வாரம் அவன் எழுதியிருந்தது: "அரைக் கட்டுக் கொத்தமல்லி. அம்மாவும் அப்பாவும் வேலை. பாட்டி சொன்னா, நான் மறந்துவிட்டேன்."