சாரதிக்குக் கொடுக்கும் சந்தோசம்



உம்றாவுக்குப் புறப்படும்போது எத்தனை ஆயத்தங்கள் செய்கிறோம்! துஆக் கிதாப், மருந்து, மாற்றுச் செருப்பு, ஊரார் சொல்லிவிட்ட ஸலாம் என்று எதையும் மறப்பதில்லை. ஆனால் ஜித்தாவில் இறங்கியதிலிருந்து மக்கா போய்ச் சேரும்வரை நம்மை ஏற்றிச் செல்லும் சாரதியைப் பற்றி நினைத்துப் பார்ப்பவர் குறைவு. அவர் ஹோட்டல் வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு நிற்கும்போதுதான், "இவருக்கு என்ன கொடுப்பது?" என்று குடும்பமே விழிக்கிறது. ஒருவர், "நூறு ரியாலாவது கொடுங்க" என்பார். மற்றவர், "கூலிதான் கொடுத்தாச்சே" என்பார். இரண்டுமே அவர் காதில் விழும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கூலி வேறு, சந்தோசம் வேறு. கூலி அவருடைய உரிமை. பேசியபடி குறையாமல் போய்ச் சேர வேண்டும். சந்தோசம் நாம் மனம் விரும்பிக் கொடுப்பது. இறங்கும் இடத்தில் பேசிய கூலியில் 50 ரியாலைக் குறைத்துவிட்டு, 10 ரியாலை நீட்டித் தாராளம் காட்டுவது முறையல்ல. அதேபோல, பேசிய கூலிக்கு மேல் ஒருவர் "பக்ஷீஷ்" என்று வற்புறுத்தி நின்றால், பயந்து கொடுக்க வேண்டிய கடமை நமக்கில்லை.

ஆகவே, பெட்டி வண்டியில் ஏறுமுன் கேட்டுவிடுங்கள். கட்டணம் எவ்வளவு? ஆளுக்கா, வண்டிக்கா? ரியாலிலா, டொலரிலா? வாகனத் தரிப்பிடக் கட்டணமும் சேர்ந்ததா? முகவர் மூலம் போகிறவர்கள் இவற்றைப் புறப்படுமுன் இங்கேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சவூதியில் சந்தோசம் கொடுப்பது கட்டாயமல்ல. டக்ஸிக் கட்டணத்தை முழுத் தொகையாக்கி, மிச்சத்தை விட்டுவிடுவார்கள். ஆனால் ஜித்தா விமான நிலையத்திலிருந்து மக்காவுக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் நிதானமாக ஓட்டி வந்து, பெட்டிகளையும் தூக்கி உதவியவருக்கு 10 அல்லது 20 ரியால் கொடுத்தால் நிறைவாக இருக்கும். விமானம் தாமதமாகி, பெயர் எழுதிய அட்டையுடன் மணிக்கணக்கில் காத்து நின்றவருக்குச் சற்றுக் கூட்டிக் கொடுங்கள். குழுவாக பஸ்ஸில் போனால் ஆளுக்கொரு பக்கமாக நீட்டாமல், எல்லோருடையதையும் சேர்த்துக் குழுத் தலைவர் கையால் கொடுப்பதே அழகு.

இதே கணக்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய்மார், கட்டணத்தில் 15 முதல் 20 வீதம் கொடுப்பது அங்கே வழக்கம் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒன்றும் கொடுக்காமல் இறங்கினால் சாரதி மனம் நோவார். லண்டனில் 10 வீதம், அல்லது கட்டணத்தை முழுத் தொகையாக்கிக் கொடுத்தால் போதும். சிங்கப்பூரில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஜப்பானிலோ சாரதி மிச்சக் காசைக்கூட எண்ணித் திருப்பித் தருவார். வற்புறுத்திக் கையில் வைத்தால் சங்கடப்படுவார். அங்கே மரியாதையாக ஒரு நன்றி சொன்னாலே போதுமானது.

இனி, கொடுக்கும் முறை. காசு மாற்றும்போதே 5, 10 ரியால் தாள்களாகச் சிலவற்றைக் கேட்டு வாங்கி, கைப்பையில் தனியாக வையுங்கள். 500 ரியால் தாளை நீட்டி மிச்சம் கேட்டால் அவரும் திண்டாடுவார், நாமும் திண்டாடுவோம். நம் நாட்டு நாணயக் குற்றிகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். காசு மாற்றும் கடைகளில் குற்றிகளை எடுப்பதில்லை; அவை அவருக்கு வெறும் பாரம்தான். ஒவ்வொரு ரியாலையும் ரூபாயாக்கிப் பார்த்தால் நம் கை தானாகச் சுருங்கிவிடும். அவர் சோறு வாங்குவது ரியாலில்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வேகமாகப் போகிறதா? அப்போதே, "மெதுவாகப் போங்கள்" என்று சொல்லுங்கள். வழியெல்லாம் வாய் மூடி இருந்துவிட்டு, இறங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், அதற்கு என்ன காரணம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இத்தனையும் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்நாடுகளில் வண்டி ஓட்டுபவர்களில் பலர் பாகிஸ்தான், பங்களாதேஷ், இந்தியா என்று தொலைவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம்மவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். காத்தான்குடியிலும் அக்குறணையிலும் புத்தளத்திலும், வளைகுடாவில் சாரதியாக இருக்கும் கணவரின், மகனின் பணம் எப்போது வரும் என்று நாள் பார்த்திருக்கும் வீடுகள் எத்தனை! நம் வீட்டுப் பிள்ளையிடம் யாரோ ஒரு குடும்பம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் விரும்புவோமோ, அப்படியே நாமும் நடந்துகொள்வோம்.

தாளை மடித்து, வலக்கையால், பிறர் பார்க்க வேண்டும் என்றில்லாமல் கொடுங்கள். கூடவே, "ஜஸாக்கல்லாஹு கைரா" என்று முகம் மலர்ந்து சொல்லுங்கள். கொடுக்க வசதியில்லாதவரும் அதைச் சொல்லலாம் அல்லவா?