பேத்தியின் முகம் சோதனைக்கூடம் அல்ல

கல்யாணத்துக்கு முன் முகத்து முடியை லேசரில் எடுக்க வேண்டும் என்று பேத்திகள் கேட்கிறார்கள். எடுக்கட்டும், ஆனால் பார்லரின் சலுகை விலையை நம்பி அனுப்பாதீர்கள்.

லேசர் தேடிப் போவது முடியிலுள்ள மெலனின் என்ற நிறமியை. நம் மாநிறத் தோலிலும் அதே நிறமி நிறைய உண்டு. சூட்டை அதுவும் வாங்கிக்கொள்ளும். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரைவிட 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் நம் நிறத்துக்குப் பாதுகாப்பு. "எந்த லேசர்? முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். விழித்தால் எழுந்து வாருங்கள். தோல் மருத்துவரிடம் போங்கள். வெயிலில் கறுத்திருக்கும்போது வேண்டாம்.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். ஐஸ், பற்பசை கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. அன்றே மருத்துவரைப் பாருங்கள். "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று பார்லரில் சொல்வது சமாதானம், சிகிச்சை அல்ல. பணம் அவர்கள் கல்லாவில், தழும்பு நம் பெண்ணின் முகத்தில்!