பழைய பாய்க்கலமும் புதிய திருத்தமும்

பழைய பாய்க்கலமொன்றை வாங்குவோர் இக்காலத்தில் முதலிற் செய்வது யாது? வழிகாட்டுந் திரை பொருத்துவதும் மெத்தைக்கு உறை தைப்பிப்பதுமே. ஏராவின் ஆணிகள் துருவேறினவா, பாய்மரந் தாங்குங் கம்பிகள் எத்தனை ஆண்டு கண்டவை என்பன பின்னரே வினவப்படுகின்றன. இது தலைகீழான முறை என்பேன்.

யோசுவா சிலோக்கம் என்னும் மாலுமி செய்ததைப் பாருங்கள். 1892இல் தொழிலின்றி இருந்தவர்க்கு 'ஸ்பிரே' என்னும் பழங்கலம் இனாமாகக் கிடைத்தது. வயது ஐம்பதை அண்டியிருந்தது. எம்போன்றோர்க்கு இஃது ஆறுதல். அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்திற் கடலுக்கு அப்பால், புற்றரையில் முட்டுக்கொடுத்து நின்ற கலம் அது. ஓக் மரம் வெட்டிப் புதிய ஏரா அமைத்துப் பலகை பலகையாக மாற்றினார். 13 மாத உழைப்பு. பொருட்செலவு 553 டொலர் 62 சதம். நீளமோ 37 அடிக்குச் சற்றுக் குறைவு. 1895இல் பொஸ்ரனிலிருந்து தனியே புறப்பட்டு, 1898இல் உலகைச் சுற்றி மீண்டார். உடன்சென்ற கடிகாரம் முகம் உடைந்த ஒரு டொலர்த் தகரக் கடிகாரம்!

ஏனைய திருத்தங்கள் வழியிலேயே நிகழ்ந்தன. தெற்கே கடுங்காற்று உண்டென்றறிந்து புவனசயர்சிற் பாய்மரத்தை 7 அடி குறைத்தார். பின்னர்ப் பின்புறத்திற் சிறு பாய்மரமொன்று நட்டார். கலத்தை ஓட்டிப் பாராது கடைக்கு ஓடுவோர் இதனைக் கவனிக்க. சுக்கானைக் கட்டிவிட்டால் ஸ்பிரே தானே நேர்வழி செல்லும். இன்று அதற்கெனத் தனிக்கருவி விற்கிறார்கள்.

பிற்காலத்திற் கலத்தைப் பேணும் ஊக்கம் அவரிடங் குறைந்திருந்ததாகக் கண்டோர் கூறியுள்ளனர். 1909 அளவில் அதே ஸ்பிரேயிற் புறப்பட்டவர் மீளவில்லை. காரணம் ஒருவரும் அறியார்.